அடியால் நிலமளந்த பண்டிதர்

மாவலியிடம் மூன்றடி மண் இரந்து பெற்ற திருமால், ஓரடியால் மண்ணையும் மற்றோரடியால் விண்ணையும் அளந்த வரலாற்றை நம் மாணவர் யாவரும் அறிவர். தெய்வத்துக்கு அஃது எளிது. இற்றைக்கு ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னர், மனிதர் ஒருவர் இமயத்துக்கு அப்பாலுள்ள திபெத்து நாட்டின் நெடுவழியை ஏறக்குறைய 25 இலட்சம் காலடிகளால் அளந்தார். ஒவ்வொரு காலடியையும் எண்ணினார். எண்ணுவது பிறர் கண்ணிற் படின் உயிர் போகும் என்பதை அறிந்தே எண்ணினார். அவர் படைத்தலைவருமல்லர், பெருஞ் செல்வருமல்லர், மலைநாட்டுக் கிராமப் பாடசாலையொன்றின் தலைமையாசிரியர். நைன்சிங் இராவத் என்பது அவர் பெயர்.

நம் கல்லூரியிற் பூமிசாஸ்திரம் பயின்ற பழைய மாணவர்களைக் கேட்டால், நைகர் நதியைத் தேடிச் சென்ற மங்கோ பார்க்கையும், ஆபிரிக்காவின் நடுவிலே உயிர்நீத்த லிவிங்ஸ்ரனையும், அவரைத் தேடிக் கண்ட ஸ்ரான்லியையும் இன்றும் தடையின்றிச் சொல்வர். தென் துருவப் பனியில் மாண்ட ஸ்கொற்றின் கதையைச் சொல்லும்பொழுது சிலருக்குக் கண்ணுங் கலங்கும். அவர்கள் பெருமையைக் குறைத்தல் நம் நோக்கமன்று. ஆயினும், ஆசியாவின் தேசப்படத்தில் வெறுமையாய்க் கிடந்த பெரும் பரப்பொன்றை நிரப்பிய இந்த ஆசிரியரின் பெயரை நமக்குக் கற்பித்தார் இலர். ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் நினைவுகூரும் இவ்விழா மலரிலே, மறக்கப்பட்ட ஓர் ஆசிரியரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் பொருந்துமெனக் கருதுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

இந்தியாவின் வடவெல்லையிலே, குமாவோன் மலைநாட்டிலே, ஜோகார் என்னும் பள்ளத்தாக்கின் தலைப்பில் மிலம் என்னும் ஊர் உள்ளது. பனியாற்றின் அடிவாரத்தில், கோரி கங்கை தோன்றும் இடத்துக்கு அண்மையில், கடல் மட்டத்துக்கு மேல் 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது அவ்வூர். அங்கே அமர்சிங் என்பாரின் மகனாக 1830ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 21ஆந் திகதி நைன்சிங் பிறந்தார்.

மிலத்து மக்கள் மலைகடந்து வாணிகஞ் செய்வோர். கோடையில் மிலத்தில் வாழ்ந்து, குளிர் தொடங்கியதும் தாழ்ந்த பள்ளத்தாக்குகளுக்கு இறங்கிவிடுவர். தானியத்தையும் துணியையும் ஆட்டின் முதுகிலேற்றிக் கணவாய் கடந்து திபெத்துக்குக் கொண்டு சென்று, உப்பும் கம்பளி மயிரும் வெண்காரமும் மாற்றாகப் பெற்று மீள்வர். ஆகவே திபெத்திய மொழியும் அந்நாட்டு வழக்கங்களும் நைன்சிங்குக்கு இளமையிலேயே பழக்கமாயின. நாம் திருக்கோயிலில் நின்று பாடித் துதிக்கும் கயிலையும், மானசரோவர் என்னும் பொய்கையும் அவர்தம் ஊருக்கு வடபாலுள்ள கணவாய்களுக்கு அப்பால் உள்ளன. கயிலை காணப் புறப்பட்ட அப்பரடிகள் கால் தேய நடந்து, பின் கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து சென்றார் என்று பெரியபுராணம் கூறும். அத்திசையிலேயே பிற்காலத்தில் நைன்சிங்கும் கால்தேய நடந்தார், நோக்கந்தான் வேறு.

இளமையில் அவர் குடும்பம் வறுமையுற்றிருந்தது. 1855ஆம் ஆண்டிலே, கிழக்கிந்தியக் கும்பனியாரின் பொருட்டு இமயப் பகுதியை ஆராய வந்த ஜெர்மானியரான சிலாகின்ற்வைற் சகோதரருடன் அவரும் அவர் உறவினர் மானிசிங்கும் சேர்ந்தனர். மானசரோவர், இலடாக்கு முதலிய இடங்களுக்கு அவர்களுடன் சென்று, திசையறிகருவி, வெப்பமானி முதலியவற்றைக் கையாளும் முறையை நைன்சிங் கற்றுக்கொண்டார். அச்சகோதரருள் ஒருவரான அடோல்பு 1857இல் காஷ்கார் நகரில் ஒற்றர் என ஐயுறப்பட்டுத் தலை கொய்யப்பட்டார். அந்நியர் வடக்கே செல்வதன் விலை யாது என்பதை நைன்சிங் அந்நாளிலேயே உணர்ந்திருப்பார். பின்னர் ஊர் மீண்டு, மிலத்திலிருந்த அரசினர் சுயமொழிப் பாடசாலையில் தலைமையாசிரியராய் அமர்ந்தார். அங்கேயே அவர் வாழ்நாள் அமைதியாகக் கழிந்திருக்கக் கூடும்.

மூடப்பட்ட நாடு

இந்நாளில் ஆங்கிலேயர் இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக வகுத்து அளந்துகொண்டிருந்தனர். அப்பெரு முயற்சி தொடங்கியது தமிழகத்திலேதான். 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் லாம்ரன் என்னும் படையதிகாரி முதற் கோட்டை அளந்தார். அங்கிருந்து தெற்கும் வடக்குமாக வளர்ந்த அளவை, அரை நூற்றாண்டில் இமயத்தின் அடியை எட்டியது. சிகரங்களின் உயரத்தைச் சமவெளியில் நின்றே கணித்தனர். ஆனால், சிகரங்களுக்கு அப்பால் என்ன இருக்கின்றதென்பது தெரியவில்லை. திபெத்து தன் வாயில்களை ஐரோப்பியருக்கு அடைத்துவிட்டது. அதன் தலைநகரான இலாசா தேசப்படத்தில் எவ்விடத்திற் குறிக்கத்தக்கது என்பதும் திட்டமாகத் தெரியாது. வடக்கேயிருந்து உருசியப் பேரரசு மத்திய ஆசியாவில் நாடொன்றன்பின் நாடொன்றாகக் கைப்பற்றி வந்த காலம் அது. எனவே, இரு பேரரசுகளுக்கு இடையே கிடந்த நிலத்தை அறிதல் ஆங்கில ஆட்சியாளருக்கு அரசியற் றேவையாயிற்று.

வெள்ளையர் செல்ல முடியாத இடத்துக்கு இந்தியரை அனுப்பலாம் என்ற எண்ணத்தை நிலவளவைப் பகுதியைச் சேர்ந்த மொன்ற்கோமரி என்பார் 1862இல் வெளியிட்டார். முதலில் முகம்மது-இ-ஹமீது என்னும் எழுத்தர் 1863இல் இலடாக்கிலிருந்து யார்க்கந்துக்கு அனுப்பப்பட்டார். அவர் தம் பணியை முடித்து மீளும் வழியில் இறந்தார். அவர் எழுதிய குறிப்புகள் மட்டும் வந்து சேர்ந்தன. திபெத்துக்கு அனுப்பத்தக்கார் யாவர் எனத் தேடியபொழுது, குமாவோனிற் கல்வியதிகாரியாயிருந்த ஸ்மித் என்பார் நைன்சிங்கையும் மானிசிங்கையும் சுட்டிக்காட்டினார். 1863இல் நைன்சிங் பாடசாலையை விட்டுத் தேராதூனுக்குச் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்துமூன்று.

ஆசிரியர் மாணவரானார்

தேராதூனில் இரண்டாண்டு பயிற்சி நடந்தது. முதற்பாடம் நடத்தல். ஏற்றமாயினும் இறக்கமாயினும், மணலாயினும் பனியாயினும், ஒவ்வொரு காலடியும் ஒரே நீளமாக விழவேண்டும். முப்பது அங்குலத்துக்குச் சிறிது கூடிய காலடி அது; மைலொன்றுக்கு ஏறக்குறைய 2,000 காலடிகள். இரண்டாம் பாடம் எண்ணுதல். திபெத்திய பௌத்தர் கையிற் கொள்ளும் செபமாலையில் 108 மணிகள் இருக்கும். நைன்சிங்கின் மாலையில் 100 மணிகளே கோக்கப்பட்டன. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒருமுறை சுற்றி முடிந்தால் 10,000 காலடிகள், அதாவது ஏறக்குறைய ஐந்து மைல். எட்டு மணி குறைவதை வழியிற் கண்டவர் எவரும் எண்ணிப் பார்த்திலர்.

பௌத்தர் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்தினுள் மந்திரமெழுதிய தாட்சுருள் வைக்கப்படுதல் வழக்கம். இவர் சக்கரத்தினுள் வெற்றுத்தாள் இருந்தது. அதிலே தூரமும் திசையும் எழுதிக்கொள்வார். எவரேனும் அணுகினால் சக்கரத்தைச் சுழற்றி மந்திரஞ் செபிப்பவர்போல் ஒதுங்குவார். செபிப்போரைக் குறுக்கிடுதல் அந்நாட்டு மரபன்று. கோணமளக்கும் செக்ஸ்ரன்ற் கருவி, பெட்டியின் இரட்டையடித் தட்டுக்குள் மறைந்திருந்தது.

உயரத்தையும் இடத்தையும் அளந்த முறையை நம் விஞ்ஞான மாணவர் விருப்புடன் கேட்பர். கடற்கரையில் நீர் 212 பாகை பரனைற்றிற் கொதிக்கும். மேலே செல்லச் செல்லக் காற்றின் அமுக்கம் குறைய, கொதிநிலையுங் குறையும். இலாசாவில் நீர் ஏறக்குறைய 190 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே தேநீருக்கு நீர் காய்ச்சுபவர்போல் அடுப்பு மூட்டி, மறைத்து வைத்திருந்த வெப்பமானியை நீரிலிட்டுப் பார்த்தால், அவ்விடத்தின் உயரம் கணக்கிற் கிடைக்கும். இடத்தின் அகலக்கோட்டை அறிய, ஞாயிற்றின் அல்லது விண்மீனின் உயர்கோணத்தை அளக்கவேண்டும். அதற்கு அடிவானம் தெளிவாய்த் தெரிதல் வேண்டும்; மலைகளிடையே அது தெரியாது. எனவே, சோழிகளுக்குள் அடைத்துக் கொண்டு சென்ற பாதரசத்தை மரக்கிண்ணமொன்றில் வார்ப்பார். அசையாத அத்தளம் கண்ணாடிபோலாகி, மேலே விண்மீனும் கீழே அதன் நிழலுமாகத் தோன்றும். இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்திற் பாதியே வேண்டிய விடை. உடன்வந்தோர் உறங்கிய பின்னர் கொடுங்குளிரில் வெளியே வந்து இவ்வளவைகளை எடுத்தல் அவர் வழக்கமாயிற்று.

இலாசா நோக்கி

1865ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நைன்சிங்கும் மானிசிங்கும் புறப்பட்டனர். நேபாளத்துக் காத்மண்டு வழியாகத் திபெத்தினுட் புக முயன்றனர். எல்லையிலுள்ள கீரோங்கில் அதிகாரிகள் ஐயுற்றுத் திருப்பியனுப்பினர். பின்னர் இருவரும் பிரிந்தனர். மானிசிங் மேற்குவழியாகச் சென்றார். நைன்சிங் சடை பின்னி, வேறு நாட்டு வணிகர் வேடம் பூண்டு, மீண்டும் கீரோங்குக்கே வந்தார். இலாசாவுக்குப் போவதில்லை, போனால் உயிர் தருவேன் என்று எழுதிக் கொடுத்த பின்னரே உள்ளே செல்ல விடை கிடைத்தது. எழுதிக்கொடுத்தவர் நேரே இலாசாவுக்குச் செல்லும் வழியைத் தேடினார்.

தாதும் என்னும் இடத்தில் இலடாக்கு வணிகக் கூட்டமொன்றுடன் சேர்ந்து, சாங்போ என்னும் பேராற்றை அடுத்த நெடுவழியே கிழக்கு நோக்கி நடந்தார். ஒக்ரோபர் மாத இறுதியிற் சிகாட்சே நகரை அடைந்தார். அங்குள்ள தாசிலும்போ மடத்திற் பஞ்சன் லாமாவைத் தரிசிக்கச் செல்லவேண்டி நேர்ந்தது. மக்கள் மனத்திலுள்ளதை லாமா அறிவார் என்பது அந்நாட்டவர் நம்பிக்கை. பொய்வேடம் பூண்டு வந்த ஆசிரியர் அச்சத்தோடு அவர்முன் நின்றார். அரியணையில் இருந்தவரோ பதினொரு வயதளவினரான சிறுவர். அரசர் நலமா, நாடு செழிப்பா, உடல் நலமா என்னும் மூன்று வினாக்களே கேட்கப்பட்டன. பாடசாலையிற் சிறுவர்களை வினவிப் பழகியவர், இங்கே ஒரு சிறுவர்முன் நடுங்கி நின்று விடையிறுத்தார்.

கைப்பொருள் கரைந்தபொழுது அவருக்கு உதவியது பழைய தொழிலே. சிகாட்சேயிலிருந்த நேபாளக் கடைக்காரருக்கு இந்திய முறையிற் கணக்கெழுதக் கற்பித்துச் சிறிது பொருள் ஈட்டினார். ஒற்றராக வந்த நாட்டிலும் அவர் ஆசிரியராகவே உணவு தேடினார் என்பது நினைக்குந்தோறும் இனிக்கின்றது.

1866 ஜனவரி 10ஆந் திகதி இலாசாவை அடைந்தார். ஏறக்குறைய மூன்று திங்கள் அங்கே தங்கினார். நகரின் மடங்கள், கடைத்தெரு, காவல், படை, மக்கள் உண்ணும் உணவு, புத்தாண்டு விழா ஆகியவற்றையெல்லாம் நோக்கிக் குறித்துக்கொண்டார். தலாய் லாமாவையும் தரிசித்தார். அவரும் அந்நாளிற் சிறுவரே. இருபது தடவை ஞாயிற்றையும் விண்மீன்களையும் நோக்கி அவர் கணித்த அகலக்கோடு, இன்று கருவிகள் காட்டும் இடத்தோடு பெரிதும் ஒத்துள்ளது. நகரின் உயரம் ஏறக்குறைய 11,700 அடி எனக் கண்டார். உண்மையான உயரம் 12,000 அடிக்குச் சற்றுக் குறைவு. கொதிநீரும் வெப்பமானியும் மட்டுமே கொண்டு பெற்ற விடை இது.

அங்கேயும் அபாயம் அவரைத் தொடர்ந்தது. முஸ்லிம் வணிகர் இருவர் அவர் வேடத்தைக் கண்டுகொண்டனர். அவர்கள் காட்டிக்கொடுத்திலர், கடிகாரத்தை ஈடாகப் பெற்றுப் பணமுங் கடனாகக் கொடுத்தனர். இசைவின்றி நகருட் புகுந்த சீனர் ஒருவர் பலர் காணத் தலை வெட்டுண்டதை நைன்சிங் கண்டார். தாம் எழுதிக்கொடுத்த ஓலையை வைத்திருந்த கீரோங் அதிகாரியையே ஒருநாள் தெருவிற் கண்டார். அதன்பின் உறைவிடம் மாற்றிக்கொண்டு வெளியே செல்வதைக் குறைத்தார். ஏப்பிரில் மாதத்தில் இலடாக்கு வணிகக் கூட்டத்துடன் நகரை விட்டுப் புறப்பட்டு, சாங்போவின் வழியே மேற்கு நோக்கி நடந்து, யூன் மாதத்தில் மானசரோவரை அடைந்து, ஒக்ரோபரில் தேராதூன் சேர்ந்தார். காத்மண்டிலிருந்து இலாசாவுக்கும், இலாசாவிலிருந்து மானசரோவருக்குமாக அளந்த வழி 1,200 மைல். அத்தனையும் செபமாலையில் உருண்டு முடிந்தன.

பொன்வயலும் ஏரிகளும்

1867இல் மானிசிங், கலியான்சிங் என்போருடன் மேற்குத் திபெத்துக்குச் சென்றார். தோக் ஜாலுங் என்னும் பொன்வயல், 16,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், கடுங்காற்று வீசும் வெட்டவெளியில் உள்ளது. பொன்னகழ்வோர் காற்றுக்கு அஞ்சி நிலத்தை ஏழெட்டடி ஆழம் தோண்டி, அப்பள்ளத்துள்ளே கூடாரமடித்து வாழ்ந்ததை அவர் கண்டார். சிந்து நதியின் மேற்பகுதியும் சத்திலஜ் நதியின் போக்கும் அப்பயணத்தில் திருத்தமாகக் குறிக்கப்பட்டன. 1873இல் யார்க்கந்துக்கும் காஷ்காருக்கும் சென்ற போர்சித்தின் தூதுக்குழுவிலும் அவர் இடம்பெற்றார்.

அவர்தம் இறுதிப் பயணமே மிக நெடியது. 1874 யூலை 15ஆந் திகதி இலடாக்கின் தலைநகரான லே நகரிலிருந்து, லாமா வேடத்தில், பொதி சுமந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். பாங்கொங் ஏரியைக் கடந்து, திபெத்தின் வடபாலுள்ள உயர்ந்த வெளியிலே, ஏரிகளின் தொடர்வழியே கிழக்கு நோக்கி நடந்தார். தேசப்படத்தில் அதுவரை பெயரற்றுக் கிடந்த ஏரிகளும் மலைத்தொடர்களும் அவர் குறிப்பேட்டிற் புகுந்தன. நவம்பரில் மீண்டும் இலாசாவை அடைந்தார். அடையாளங் காணப்படும் அபாயம் மிகுந்திருந்தமையால் இரண்டு நாளுக்கு மேல் அங்கே தங்கவில்லை. அதுவரை எடுத்த அளவைக் குறிப்புகளை உடன்வந்தோர் இருவரிடம் கொடுத்து லே நகருக்கு அனுப்பிவிட்டு, தாம் தென்கிழக்கே திரும்பினார். தாம் பிடிபட்டாலும் கணக்குத் தப்பவேண்டும் என்பதே அவர் கருத்து. சாங்போவைக் கடந்து தவாங் என்னும் ஊரில் ஏறக்குறைய இரண்டு திங்கள் தடுக்கப்பட்டு, 1875 மார்ச்சு முதலாந் திகதி அசாமின் எல்லையிலுள்ள உதால்குரியை அடைந்தார். 1,300 மைலுக்கு மேற்பட்ட அவ்வழியில் 1,200 மைல் வரை முன்னர் எவரும் அளவாதது.

அத்துடன் அவர் நடை முடிந்தது. வாட்டும் வெயிலிலும் பனியொளியிலும் ஆண்டுக்கணக்காகக் கருவியை நோக்கிய கண்கள் பழுதுற்றன. அதன்பின் தம்மைப்போல் செல்லவேண்டிய இளைஞருக்குக் கற்பித்தலே அவர் பணியாயிற்று. ஆசிரியராகத் தொடங்கியவர் ஆசிரியராகவே முடித்தார். அவர் வழியிற் பயின்ற உறவினர் கிஷன்சிங் பின்னாளில் 1878 முதல் 1882 வரை திபெத்தையும் அதற்கு அப்பாலுள்ள நிலத்தையும் அளந்து பெரும் புகழெய்தினார்.

பெயரில்லாப் புகழ்

நம் நாட்டிற் பண்டிதர் என்றால் தமிழ்க் கல்வியின் உயர்ந்த பரீட்சையிற் சித்தியெய்தினாரைக் குறிக்கும். நிலவளவைப் பகுதியாரோ, பாடசாலை ஆசிரியராயிருந்தமையால் நைன்சிங்கைப் பண்டிதர் என்றனர். அவர் உயிருக்கு ஊறு நேராதிருக்கும் பொருட்டு அறிக்கைகளிற் பெயர் மறைக்கப்பட்டு, பண்டிதர் என்ற சொல் மட்டுமே அச்சேறியது. பின்னர் அனுப்பப்பட்டோர் அனைவரையும் அச்சொல்லாலேயே சுட்டினர். சிலருக்கு இரண்டெழுத்துக் குறியீடே பெயராயிற்று. கிஷன்சிங்கை உலகம் நெடுங்காலம் ஏ.கே. என்றே அறிந்தது.

நைன்சிங்குக்குச் சிறப்புகள் கிடைக்காமற் போகவில்லை. இலண்டன் அரச புவியியற் கழகம் 1868இற் பொற்கடிகாரம் வழங்கியது. 1877இல் தன் உயர்ந்த பொற்பதக்கங்களுள் ஒன்றை அவருக்கு அளித்தது. அவர் சார்பில் இலண்டனில் அதனைப் பெற்ற ஹென்றி யூல் என்னும் அறிஞர், அக்காலத்தில் ஆசியாவின் தேசப்படத்துக்கு இவரளவு புதிய அறிவைச் சேர்த்தவர் வேறெவருமிலர் என்னும் கருத்துப்படப் பாராட்டினார். இராசப்பிரதிநிதி லிற்றன் பிரபு அப்பதக்கத்தைக் கல்கத்தாவில் அவர் கையிற் கொடுத்தார். சி.ஐ.ஈ. என்னும் பட்டமும் கிராமமொன்றின் வருமானமும் கிடைத்தன.

ஆயினும் பொதுமக்கள் படிக்கும் நூல்களிலும் பாடப் புத்தகங்களிலும் அவர் பெயர் ஏறவில்லை. உயிரைக் காக்கும் பொருட்டு மறைத்த பெயர், காக்கவேண்டிய காலம் கழிந்த பின்னரும் மறைந்தபடியே கிடந்தது. 2004ஆம் ஆண்டில் இந்திய அரசினர் அவர் உருவம் பொறித்த முத்திரையை வெளியிட்டனர். இறுதிப் பயணத்துக்கும் அம்முத்திரைக்கும் இடையே நூற்றிருபத்தொன்பது ஆண்டுகள் சென்றுவிட்டன. மிலமும் மாறிவிட்டது. 1962ஆம் ஆண்டுப் போருக்குப் பின் திபெத்து வாணிகம் நின்றுபோக, மக்கள் வெளியேறினர். ஊரின் பெரும்பகுதி இடிந்த கல்வீடுகளாய் நிற்கின்றது.

நாம் சிந்திக்க வேண்டியது

நைன்சிங்கின் வரலாற்றைப் புகழ்ந்துரைத்து நிறுத்திவிடுதல் எளிது, அது நேர்மையாகாது. அவர் அளந்தது யார் பொருட்டு என்னும் வினாவை நம் மாணவர் கேட்பர்; கேட்கவும் வேண்டும். 1903ஆம் ஆண்டின் இறுதியில் யங்கஸ்பண்டு என்பார் ஆங்கிலப் படையுடன் திபெத்தினுட் புகுந்தார். 1904 மார்ச்சில் குரு என்னும் இடத்திற் சில நூற்றுவர் திபெத்தியர் சுடப்பட்டு வீழ்ந்தனர். அவ்வாண்டு ஓகஸ்டிற் படை இலாசாவை அடைந்தது. அந்நாளில் நைன்சிங் உயிரோடில்லை. எனினும் அந்நாட்டைப்பற்றி ஆங்கிலேயர் பெற்ற முதல் திருத்தமான அறிவு அவருடைய காலடிகளிலிருந்து வந்தது. உணவளித்து, உறைவிடந் தந்து, கூட்டத்திற் சேர்த்து அழைத்துச் சென்ற மக்களின் நாட்டை அவர் அளந்து பிறரிடம் கொடுத்தார். ஆளப்பட்ட மக்களுள் ஒருவரே, ஆள்வோருக்கு இன்னொரு நாட்டின் வாயிலைக் காட்டினார். பேரரசுக் காலத்திற் கற்றோர் பலருக்கு நேர்ந்த இடர்ப்பாடு இது. நம் முன்னோருள்ளும் அரசாங்க உத்தியோகம் ஏற்றோர் இதனை அறியாதவரல்லர்.

இதனை மறைத்தலும் வேண்டா. இதனாலேயே அவரை இகழ்தலும் வேண்டா. அவர் தம் பெயரிற் பொய் சொன்னார். ஊரிற் பொய் சொன்னார். தொழிலிலும் சமயத்திலும் பொய் சொன்னார். எண்ணிற் பொய் சொன்னாரல்லர். களைத்த நாளில் மணியொன்றைக் கூடத் தள்ளிவிட்டு வயிறெரியும் குளிரில் வெளியே வராமற் படுத்திருந்தாலும், அவரைக் கண்டிக்க அங்கே ஒருவருமிலர். தவறான விடையைச் சரியன்றெனச் சொல்ல உலகில் எவராலும் அப்பொழுது முடியாது. காண்பார் எவருமில்லாத அவ்விடத்தில் அவர் எண்ணிய எண்ணிக்கை, பிற்காலத்தார் நுண்கருவி கொண்டு சோதித்தபொழுது நிலைத்து நின்றது.

வகுப்பறையிற் கணக்குப் பாடத்தின்போது, விடை கிடைத்துவிட்டதே, செய்முறை எதற்கு என்று கேட்கும் மாணவர் ஆண்டுதோறும் ஒருவரேனும் இருப்பர். அவர்களுக்கு இனி இவ்வாசிரியரின் கதையைச் சொல்லலாம் என எண்ணுகின்றோம். இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் நிலவளவையாளரும், பொறியியலாளரும், எழுதுவினைஞரும், ஆசிரியரும் உளர். அவர்கள் எழுதிய கணக்கேடுகளில் அவர்தம் பெயர் காணப்படாதிருத்தல் கூடும். கணக்குச் சரியாயிருந்தால் அதுவே அவர்கள் கையொப்பம். நம் கல்லூரியின் பூமிசாஸ்திர வகுப்பறையில் ஆசியாவின் தேசப்படம் விரிக்கப்படும்பொழுது, இமயத்துக்கு வடக்கே ஓடும் சாங்போவைச் சுட்டும் ஆசிரியர், அக்கோட்டை முதலில் நடந்து வரைந்தவர் மிலத்துத் தலைமையாசிரியர் நைன்சிங் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வாராக.